கான்டசா மசில் காரா? குதிரைக் கணக்கு தெரிந்தால் சொல்லுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பறக்கையில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து திண்ணையில் சாய்ந்த நேரம், அவள் பேரன் செல்போனை நீட்டினான். பளபளவென்று கறுப்பு வண்ணம் அடித்த பழைய கான்டசா ஒன்று அதில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் மேளச்சத்தம் மாதிரி ஒரு பாட்டு.

“பாட்டா, இது இந்தியாவோட மசில் காராக்கும். ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. வண்டிக்கு அஞ்சு லட்சம், சரி பண்ண மூணு. பிறகு ஒரு பெரிய எஞ்சினைத் தூக்கி வச்சிட்டா இன்னொரு நாலு. அந்தால எவனும் பக்கத்துல வர முடியாது.”

மொத்தம் 12 லட்சம். பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பதில் அவன் சொல்லவில்லை, தங்கச்சி சொன்னாள். வயலை வைத்துக் கடன் வாங்கப் போகிறார்களாம். எங்கள் அப்பா பங்கு வைத்துக் கொடுத்ததில் விற்காமல் மிச்சம் இருக்கும் கடைசி வயல் அது. சுற்றிலும் மனைக்கல் நட்டுவிட்டார்கள். நடுவில் இது ஒன்றுதான் இன்னும் பச்சையாக நிற்கிறது.

அன்றைக்கு நான் கத்திவிட்டு வந்துவிட்டேன். கத்தினால் பையன்கள் காதில் ஏறாது. அதனால் இப்போது நிதானமாக, கணக்கோடு எழுதுகிறேன். அவனுக்கு மட்டும் இல்லை. இந்த ‘இந்திய மசில் கார்’ கதையைப் பரப்பிக்கொண்டிருக்கும் எல்லாருக்கும்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நேசமணி போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில், 1984-இல் பணிமனையில் சேர்ந்தேன். 33 வருடம் எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் என்று கிரீஸிலேயே கிடந்தவன். கார் விற்கிறவனும் இல்லை, வாங்குகிறவனும் இல்லை. ஆகவே எனக்கு இதில் லாப நஷ்டம் கிடையாது.

முதலில் மசில் கார் என்றால் என்ன? 1964-இல் அமெரிக்காவில் போன்டியாக் ஜிடிஓ என்று ஒரு வண்டி வந்தது. நடுத்தர அளவுக் காரில், பெரிய காருக்கு உரிய 389 கன அங்குல எஞ்சினை வைத்தார்கள். நம் கணக்கில் 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன். அங்கிருந்துதான் இந்த வம்சம் பெருகியது என்று பலரும் சொல்வார்கள். ஆக மசில் காரின் இலக்கணம் சுலபம்: உடம்பு நடுத்தரம், எஞ்சின் பெரிசு, விலை சாதாரண ஆள் எட்டிப் பிடிக்கிற அளவு.

இப்போது கான்டசாவைப் பாருங்கள். இங்கிலாந்தின் வாக்ஸால் கம்பெனி ஓட்டி முடித்த ஒரு மாடலின் அச்சுகளை இந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் 1984-இல் தயாரிக்க ஆரம்பித்தது. உடம்பு நீளம், மூக்கு அகலம், பார்க்க ராஜா மாதிரி. ஆனால் உள்ளே வைத்தது? அம்பாசடரில் இருந்த அதே 1,489 சிசி எஞ்சின். சுமார் 50 குதிரை! அதாவது பெரிய உடம்பில் சின்ன எஞ்சின். மசில் காரின் இலக்கணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கான்டசா வரும். இதைப் போய் மசில் கார் என்றால், மீசை வைத்தவன் எல்லாம் பயில்வான் என்கிற கதைதான்.

கணக்குப் போடுவோம். ஒரு டன் எடையை இழுக்க எத்தனை குதிரை இருக்கிறது என்பதுதான் கேள்வி. வேகமெடுக்கும் தெம்பு இந்தக் கணக்கில்தான் தெரியும். மொத்தக் குதிரையை மட்டும் சொல்வது, சம்பளத்தைச் சொல்லிவிட்டு வீட்டில் எத்தனை வாய் என்பதை மறைப்பது மாதிரி.

கான்டசா சுமார் 1,200 கிலோ, 50 குதிரை. டன்னுக்கு 42 வருகிறது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 சுமார் 650 கிலோ, 39 குதிரை. டன்னுக்கு 60! நாம் ‘டப்பா’ என்று கேலி செய்த வண்டி, ராஜாவை விடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு தெம்பு. ஆள் ஏறினால் சின்ன வண்டி படுத்துவிடும் என்பார்கள். சரி, நாலு பேரை ஏற்றுவோம், 280 கிலோ. மாருதி 42-க்கு இறங்கும், கான்டசா 34-க்கு இறங்கும். அப்போதும் டப்பாதான் முன்னால்.

பிறகு ஜப்பானின் இசுசு எஞ்சின் போட்டு, 1.8 லிட்டர், 88 குதிரையோடு ‘கிளாசிக்’ என்று வந்தது. அது நல்ல எஞ்சின். இல்லை என்று சொன்னால் பாவம். டன்னுக்கு 73. அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் 2024-இல் வந்த ஸ்விஃப்ட் 82 குதிரை, சுமார் 920 கிலோ. டன்னுக்கு 89. நம் பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஸ்கூலுக்கு ஓட்டிக்கொண்டு போகிற வண்டி ‘மசில் காரை’ முந்தும். அதை யாரும் மசில் என்று சொல்வதில்லை, பின்னால் மேளமும் அடிப்பதில்லை.

அப்படியானால் நிஜமான அமெரிக்க வண்டிகள்? 2024 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி 480 குதிரை, சுமார் 1,750 கிலோ. டன்னுக்கு 274. செவ்ரலே கமாரோ எஸ்எஸ் 455 குதிரை, சுமார் 1,670 கிலோ. 272. டாட்ஜ் சாலஞ்சர் ஸ்கேட் பேக் 485 குதிரை வைத்திருந்தும் உடம்பு 1,900 கிலோவைத் தாண்டியதால் 253-தான். குதிரை அதிகம், தெம்பு குறைவு. எடை எப்படித் தின்கிறது பார்த்தீர்களா? கமாரோவும் சாலஞ்சரும் 2023 டிசம்பரோடு நின்றுபோயின. அதற்குப் பதில் வந்த மின்சார சார்ஜர் டேடோனா 670 குதிரை என்று மார்தட்டுகிறது. எடை சுமார் 2,650 கிலோ! வகுத்துப் பார்த்தால் மறுபடி அதே 253. பெட்ரோல் மஸ்டாங்கை விட 190 குதிரை கூடுதலாகப் பூட்டி, டன் கணக்கில் அதற்குப் பின்னால் நிற்கிறது.

அமெரிக்கக்காரன் கணக்கிலும் கள்ளம் உண்டு. 1971 வரை அவர்கள் விளம்பரத்தில் போட்ட குதிரைத்திறன், ஏர் கிளீனர், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் பூட்டாமல் எஞ்சினை மேசையில் நிறுத்தி அளந்தது. 1972-இல் எல்லாவற்றையும் பூட்டி அளக்கும் முறைக்கு மாறினார்கள். அதே எஞ்சினின் குதிரைகள் ஒரே ராத்திரியில் காணாமல் போயின! ஆகவே பழைய புத்தகத்து எண்ணைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள்.

அடுத்து மதிப்பு. ஒரு குதிரைக்கு எத்தனை ரூபாய்? மாருதி 800-இன் ஆரம்ப விலை 47,500 ரூபாய். குதிரைக்கு சுமார் 1,200. மஸ்டாங் ஜிடி 2024-இல் அமெரிக்காவில் சுமார் 43 ஆயிரம் டாலராக இருந்தது. குதிரைக்கு 90 டாலர். அங்கே அது சாதாரண ஆள் தவணையில் வாங்கும் வண்டி. அதுதான் அதன் பெருமையே. அதே மஸ்டாங் 2016-இல் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 65 லட்சம், சுமார் 400 குதிரை. குதிரைக்கு 16 ஆயிரம் ரூபாய்க்கு மேல். இறக்குமதி வரி ஏறியதும் ஏழையின் வண்டி ஜமீன்தார் வண்டி ஆகிவிட்டது.

இப்போது நம் பையன் கான்டசாவுக்கு வாருங்கள். வண்டி 5, சரி செய்ய 3. மொத்தம் 8 லட்சம், 50 குதிரை. குதிரைக்கு 16 ஆயிரம் ரூபாய்! வரி கட்டி இறக்கிய மஸ்டாங்கின் குதிரை விலையைக் கொடுத்து, மாருதி 800-ஐ விடத் தெம்பு குறைந்த வண்டியை வாங்குகிறான். புது ஸ்விஃப்ட் சுமார் 6½ லட்சத்தில் ஆரம்பித்தது. குதிரைக்கு 8 ஆயிரம்தான்.

“அதுக்குத்தானே பாட்டா பெரிய எஞ்சின் வைக்கப் போறேன்” என்றான். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

பணிமனையில் இருந்தபோது, தோவாளை தாண்டி எங்கள் பேருந்து ஒன்று பழுதாகி நிற்கிறது என்று மீட்பு வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஒரு ஜீப் புளியமரத்தில் ஏறி நின்றது. பழைய ஜீப், அதில் வேறொரு பெரிய எஞ்சின். ஓட்டிய பையனுக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். எங்கள் கம்பிவடத்தால் இழுத்துத்தான் அவனை வெளியே எடுத்தோம். உயிர் இல்லை. தார் ரோட்டில் டயர் தேய்ந்த தடம் நீளமாகக் கிடந்தது. பிரேக்கை மிதித்திருக்கிறான், வண்டி நிற்கவில்லை. குனிந்து பார்த்தேன். எஞ்சினை மாற்றியவர்கள் பிரேக்கைத் தொடவே இல்லை. பழைய எஞ்சினின் வேகத்துக்கு வைத்த அதே டிரம்.

வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்கு. இது பத்தாம் வகுப்புப் பாடம். எஞ்சினை மாற்றினால் பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். யாரும் மாற்றுவதில்லை, ஏனென்றால் பிரேக் வீடியோவில் தெரியாது. சட்டமும் விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது.

இத்தனை குதிரையையும் எங்கே ஓட விடப்போகிறாய் என்பது என் கடைசிக் கேள்வி. கோட்டாறில் இருந்து வடசேரி போகும்போதா? தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை போகும்போதா? மூன்றாவது கியரைத் தாண்டுவதற்குள் முன்னால் ஒரு டெம்போ, பின்னால் ஒரு ஆம்புலன்ஸ்.

2019-இல் மகனைப் பார்க்க மிச்சிகன் போயிருந்தபோது, ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்குக் கூட்டிப்போனான். நான் படித்த வண்டிகள் எல்லாம் நேரில். கண் நிறைந்தது. ஆனால் எல்லாம் சுசீந்திரம் தேர் மாதிரிதான் நகர்ந்தன. நானூறு குதிரை, நடை வேகம். மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் தாத்தாக்களுக்கு அது போதும். அவர்கள் நினைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேகத்தை அல்ல.

எங்கள் பேருந்தையும் சொல்லிவிடுகிறேன். நூற்றுச் சொச்சம் குதிரை, ஆள் நிறைந்தால் 15 டன் பக்கம். டன்னுக்கு ஏழு எட்டுக் குதிரைதான். அதை வைத்துக்கொண்டுதான் கோதையாறு மலை ஏறி இறங்கினோம். கியர் விகிதமும் நல்ல பிரேக்கும் நிதானமான டிரைவரும் இருந்தால் ஏழு குதிரை போதும். இவை இல்லாவிட்டால் எழுநூறும் புளியமரத்துக்குத்தான்.

இதெல்லாம் எழுதி, பதிவிடும் முன் பையனுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “செரி பாட்டா, அப்போ உங்க ஷெட்ல நிக்குற பழைய சேட்டக்? போன வருசம் அதுக்கு எவ்வளவு செலவழிச்சிய? அதுல டன்னுக்கு எத்தனை குதிரை?” என்றான்.

நியாயமான கேள்வி. கிழவன் மாட்டிக்கொண்டேன். அந்த ஸ்கூட்டரில்தான் என் மனைவியைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போனேன். அதை விற்க எனக்கு மனசு வராது. கணக்கு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லாது என்பது எனக்கும் தெரியும்.

ஆகவே கடைசியாக அவனிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். கான்டசா அழகான வண்டி. பின் சீட்டில் கால் நீட்டி உட்கார அந்தக் காலத்தில் அதற்கு ஈடு கிடையாது. பிரியம் இருந்தால் வாங்கு மக்களே. ஆனால் உன் சம்பளத்தில் சேர்த்து வாங்கு. உள்ளே இருக்கும் எஞ்சினோடு, அது போகிற வேகத்தில் ஓட்டு. மசில் என்று மட்டும் சொல்லாதே. வயலில் கை வைக்காதே.

அவன் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நேற்று தங்கச்சி கூப்பிட்டாள். வங்கிக்குக் கொண்டுபோக எடுத்து வைத்திருந்த பத்திரம் பெட்டிக்குள் திரும்பப் போயிருக்கிறதாம். கும்பப்பூவுக்கு நாற்று போடலாமா என்று கேட்டாள். போடு என்றேன்.