பொதியும் சைக்கிளும்: கரிசலில் எழுதப்படாத ஒரு பக்கம்

பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைச் சாத்து ஒன்று வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அங்கே இரண்டைக் கவனித்திருக்கிறார். ஒன்று, முதுகின் இருபுறமும் ஒத்த எடையாகத் தொங்கும் பொதி. மற்றொன்று, சுமை அழுந்தி அழுந்தி அந்த முதுகில் ஆழ்ந்துவிட்ட வடு. சுமை கட்டும் நுட்பத்தையும் சுமப்பதன் வலியையும் ஒரே பார்வையில் கண்டுகொண்ட கண் அது.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் சாலைகளில், சைக்கிள் கேரியரின் இருபக்கமும் உரச்சாக்குப் பைகள் தொங்க ஒருவர் மிதித்துச் செல்வதைக் காணும்போதெல்லாம் நமக்கு அந்தச் சாத்து நினைவுக்கு வருகிறது. கூடவே, அந்தக் கண் இன்று நம்மிடம் இருக்கிறதா என்ற ஐயமும் எழுகிறது.

சைக்கிளோடு வரும் கேரியரைச் சற்று உற்றுப் பார்க்கலாம். ஒரு தட்டு, அதன்மேல் ஒரு சுருள்வில் கவ்வி. செய்தித்தாளையோ நாலைந்து நோட்டுப் புத்தகங்களையோ பிடித்துக்கொள்ள அது போதும். மூட்டை முடிச்சுகளோடு வாழும் ஓர் ஊருக்கு அது போதாது. எனவே ஊர் தன் கேரியரைத் தானே செய்துகொண்டது. கிழிந்த ட்யூபை நீளவாக்கில் நறுக்கினால் கயிற்றைவிட உறுதியாகப் பிடிக்கும் வார் கிடைக்கிறது. கயிறு குலுக்கலில் தளரும். ரப்பரோ இழுத்துக் கட்டிய விசையிலேயே சுமையைத் தொடர்ந்து இறுக்கிக்கொண்டிருக்கும். உரச்சாக்கை இரண்டாக மடித்துச் சணலால் தைத்தால் மழைக்கு ஓரளவு தாங்கும் இரட்டைப் பை தயார். கேரியரின் இருபுறமும் கம்பி வளைத்துக் கொக்கி வைத்துத் தர வெல்டிங் பட்டறைக்காரர் இருக்கிறார். இவற்றில் எதற்கும் வரைபடம் கிடையாது. ஆனால் விதிகள் உண்டு: எடை தாழ்வாக இருக்க வேண்டும், இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும், மிதிக்கும் குதிகால் பையில் இடிக்கக் கூடாது, வாரின் நுனி ஒருபோதும் தொங்கக் கூடாது. ஸ்போக்ஸ் கம்பிக்குள் ஒரு முழ வார் புகுந்தால் சுமையும் ஆளும் சேர்ந்தே விழ வேண்டியதுதான்.

சுமைக்குச் சுமை இந்த விதிகள் மாறுகின்றன. தண்ணீரை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணியின் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே நீர் வர வேண்டிய நகரம் இது. இங்கே குடம் என்பது ஒரு கனமான சொல். குடத்துக்கு 15 லிட்டர் என்று கொண்டால் நான்கு குடம் 60 கிலோ. கனத்தைவிடப் பெரிய சிக்கல், அந்தக் கனம் உள்ளுக்குள் அலைபாய்வது. வேப்பங்கொத்தை நீரின்மேல் மிதக்கவிட்டு அலையை அடக்கினார்கள். குடத்தின் வாயைப் பாலிதீன் தாளால் மூடி ரப்பர் வாரால் கட்டினார்கள்.

தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு வீடுகளில் ஒட்டிக் கொடுத்த வெற்றுப் பெட்டிகளின் கதை இதற்கு நேர் எதிரானது. எடை இல்லை, உருவம் மட்டும் பெரிது. ஆடி மாதத்தில் கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, ஆளைச் சைக்கிளோடு சாலையோரத்துக்குத் தள்ளும். இங்கே இறுக்கிக் கட்டினால் பெட்டி நசுங்கும். தளர்த்திக் கட்டினால் காற்று கொண்டுபோகும். நசுங்கிய பெட்டிக்குக் கூலி கிடைக்காது என்பதை நினைத்துக்கொண்டால், அந்த முடிச்சின் அளவு எவ்வளவு துல்லியமாக இருந்தாக வேண்டும் என்பது விளங்கும்.

மழை பெய்துவிட்டால் எல்லா விதிகளும் தலைகீழாகிவிடும். கரிசல் மண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் களியாக அடைத்துக்கொள்ளும், சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டிப் பார்த்துச் சலித்தபின், சுமையைத் தலையிலும் சைக்கிளைத் தோளிலும் ஏற்றிக்கொண்டு நடக்க வேண்டும். கேரியரில் ஏற்றிய சுமை கடைசியில் மனிதனிடமே வந்து சேரும் இந்தக் காட்சியைவிடக் கரிசலைச் சொல்ல வேறென்ன வேண்டும்?

நம் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. கரிசல் இலக்கியம் பொருள்களின் மேல் அக்கறை இல்லாத இலக்கியம் அன்று. கி.ராஜநாராயணன் இந்த வட்டாரத்தின் சொற்களுக்கென்றே ஒரு சொல்லகராதி தொகுத்தார். பூமணியின் ‘பிறகு’ தோல் வேலை செய்யும் அழகிரியை நாவலின் நடுவில் நிறுத்தியது. சோ.தர்மனின் ‘சூல்’ ஒரு கண்மாயின் வாழ்வைச் சொல்லி 2019இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. கமலையும் கலப்பையும் கண்மாயும் எழுத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் மாட்டு வண்டிக்கும் மொபெட்டுக்கும் இடையே பல பத்தாண்டுகள் இந்த மண்ணின் சுமையைத் தாங்கிய சைக்கிள், நாம் வாசித்த அளவில், கதைமாந்தர் ஏறி இறங்கும் வாகனமாக மட்டுமே வந்துபோகிறது. அதன் கேரியரை நாம் இன்னும் வாசிக்கவில்லை.

சைக்கிள் தொழிற்சாலையில் பிறந்தது, மண்ணின் பொருள் அன்று என்று ஒருவர் வாதிடக்கூடும். நிலக்கடலையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அதற்காக, 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயை அந்நியப் பண்டம் என்று யாரும் ஒதுக்குவதில்லையே. வந்த பொருளை ஓர் ஊர் எப்படித் தன்னுடையதாக்கிக்கொள்கிறது என்பதே பண்பாடு. 1954இல் தியன் பியன் பூ போரில் வியத்நாமியர் சைக்கிளின் கைப்பிடியை மூங்கிலால் நீட்டி, உட்காரும் இடத்தில் கழி நட்டு, 200 கிலோவுக்கும் மேல் ஏற்றித் தள்ளிச் சென்றார்கள். போர் என்பதால் வரலாறு அதைக் குறித்துக்கொண்டது. தண்ணீர்க் குடத்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஏழைகளின் கெட்டிக்காரத்தனம் என்று வியந்து கைதட்டிவிட்டுப் போவது எளிது. நான்கு குடம் கட்டத் தெரிந்ததில் பெருமை உண்டு. நான்கு குடம் கட்ட நேர்ந்ததில் பெருமை ஏதுமில்லை. தெருக்குழாயில் நாள்தோறும் தண்ணீர் வந்திருந்தால் அந்தக் கொக்கி பிறந்தே இருக்காது. பொதியை மட்டும் எழுதி வடுவை விட்டுவிட்டால் அது விளம்பரம். வடுவை மட்டும் எழுதிப் பொதியை விட்டுவிட்டால் அது வெறும் இரக்கம். உழைப்பவரின் அறிவுக்கு இரண்டுமே நியாயம் செய்யா.

1980இல் வந்த டி.வி.எஸ். 50 சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டத்தால் இன்று சைக்கிள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளின் வாகனம். அவர்களுடைய கேரியரிலும் புத்தகப் பை சரிகிறது, துப்பட்டா சக்கரத்தில் சிக்குகிறது. நுனியைத் தொங்கவிடாதே என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய தாத்தா திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். கேட்பார்தான் இல்லை.

எனவே, கரிசல் மண்ணைப் போற்றும் நண்பர்களிடம் நாம் வேண்டுவது இதுதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு பழைய சைக்கிள்காரரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தச் சுமைக்கு எந்த முடிச்சு, அந்த முடிச்சுக்கு என்ன பெயர், எங்கே விழுந்தார், என்ன உடைந்தது, அன்றைய கூலி என்னவாயிற்று என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பத்துச் சொற்கள் கிடைத்தாலும் போதும், கி.ரா. தொகுத்த அகராதிக்கு நாம் சேர்க்கும் பத்துச் சொற்கள் அவை. அவர் 2021இல் மறைந்தார். அகராதி முடிந்துவிட்டது என்று அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.