மஞ்சப்பை அட்டைக்கு மார்க் உண்டா?



போன வாரம் என் கணக்கு நோட்டைப் பார்த்துச் சிரிச்சவங்க எல்லாரும் இதை முழுசாப் படிக்கணும். அந்த நோட்டுக்கு நானே துணியில் அட்டை தைத்துப் போட்டிருந்தேன். துணி, எங்க சித்தப்பா கல்யாணத்தில் தாம்பூலம் கொடுத்த மஞ்சப்பை. மாப்பிள்ளை, பொண்ணு பேர் உள்பக்கம் போகிற மாதிரி திருப்பித்தான் தைத்தேன். இருந்தும் வெளியே மங்கலாகத் தெரிஞ்சிடுச்சு. "யாருக்குடி கல்யாணம்?" என்று ஆரம்பிச்சது சாயங்கால மணி அடிக்கிற வரை ஓயவில்லை.

அது போகட்டும். நான் எழுத வந்தது வேற.

பள்ளி திறந்ததும் எல்லா நோட்டுக்கும் பிரவுன் ஷீட் போட்டு லேபிள் ஒட்டணும். அட்டை போடாத நோட்டு திருத்தாமலே திரும்பி வரும். என் தோழி ஒருத்தி (அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன், பேர் வேண்டாம்னு சொன்னா), அவளுக்கும் தங்கச்சிக்கும் சேர்த்து பதினொரு நோட்டு. அப்பாவுக்குச் சனிக்கிழமைதான் கூலி வரும். வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் வயித்துவலின்னு சொல்லிட்டு வீட்டிலேயே இருந்துட்டா. நோட்டு விலையில்லாமக் கிடைச்சது. அதுக்கு மேல போடுற தாளுக்காக ரெண்டு நாள் பாடம் போச்சு. இது நியாயமா?

அட்டை இருக்கான்னு பாருங்க, என்ன அட்டைன்னு பார்க்காதீங்க. ஆசிரியர்களிடம் நான் பணிவோடு கேட்பது இவ்வளவுதான்.

துணி அட்டை நான் கண்டுபிடிச்சதா? நூலகத்தில் பழைய கனமான புத்தகம் ஒன்றை எடுத்து அதன் முதுகைத் தடவிப் பாருங்க. காலிகோ பைண்டிங். கள்ளிக்கோட்டையிலிருந்து போன துணிக்கு வெள்ளைக்காரங்க அந்த ஊர் பேரையே வச்சுட்டாங்க. 2019 ஜூலையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட்டைப் பெட்டியில் கொண்டு போகாமல் சிவப்புத் துணியில் சுற்றிக் கொண்டு போனார். நான் அப்போ சின்னப் பிள்ளை, பிறகு படத்தில் பார்த்தேன். நாட்டுக் கணக்குக்கே துணி பொருந்தும்போது என் கணக்கு நோட்டுக்குப் பொருந்தாதா? 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் ஆரம்பிச்சாங்க. அதைப் பற்றி நாமளும் பேச்சுப்போட்டியில் பேசிக் கைதட்டு வாங்குறோம். அதே மஞ்சப்பை நோட்டு மேல ஏறினால் மட்டும் சிரிப்பு!

தைக்கிறது கஷ்டமில்லை, ஆனா நான் முதல்ல ஏமாந்தேன். நோட்டை விரிச்சு வைத்து அளவெடுத்தேன். தைத்து மாட்டின பிறகு நோட்டு மூடவே மாட்டேங்குது, அட்டை வில் மாதிரி வளையுது. மூடின நோட்டைச் சுற்றித்தான் அளக்கணும். என் நோட்டு உயரம் 19 செ.மீ., சுற்றி அளந்தால் 32. துணி 22க்கு 46 வெட்டினேன். நாலு ஓரமும் 1 செ.மீ. மடிச்சுத் தைத்தால், ரெண்டு பக்கமும் 6 செ.மீ. உள்ளே மடிக்க வரும். மேலேயும் கீழேயும் அந்த மடிப்பை மட்டும் கெட்டித் தையல் போட்டால் பை மாதிரி ஆயிடும், நோட்டு அட்டையைச் சொருகிடலாம். வெட்டுறதுக்கு முன்னாடி துணியை ஒரு தடவை நனைச்சுக் காயப் போடுங்க, இல்லாட்டி பிறகு சுருங்கி ஏமாத்தும். அந்த மடிப்புக்குள்ளே மயிலிறகும் வைக்கலாம். விராலிமலையில் மயிலிறகுக்கா பஞ்சம்? (குட்டி போடுதான்னு இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.)

குறையும் உண்டு. மழையில் நனைஞ்சா காய நேரமாகும். மை கொட்டினால் போகாது. அப்புறம், ஒருத்தி பட்டுத்துணியில் ஜிகினா வைத்துத் தைத்துட்டு வந்தால் மறுபடியும் இல்லாதவங்களுக்குத்தான் சங்கடம். அதனால பழைய துணி மட்டும்தான்னு நமக்குள்ளே பேசி வச்சுக்கணும்.

பசங்க "இது பொம்பளைப் புள்ளைங்க வேலை" என்கிறீங்க. உங்க சட்டையை யார் தைச்சது? நான் கடைவீதியில் பார்த்த டெய்லர்கள்ல பாதிக்கு மேல அண்ணன்கள்தான்.

என் தோழிக்கு இப்போ நாலு நோட்டுக்குத் தைத்தாச்சு, இன்னும் ஏழு பாக்கி. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்போம். ஊசி, நூல் என்கிட்ட இருக்கு. வீட்டில் சும்மா கிடக்கிற மஞ்சப்பை இருந்தா எடுத்துட்டு வாங்க. யாரு கல்யாணத்துப் பையா இருந்தாலும் சரி.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி