சானிடைசரில் தண்ணீர் ஊற்றலாமா?

சகோதரிகளே, கைக்குத் தடவும் சானிடைசர் குறைந்து போனால், கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. ஷாம்புவுக்கு இந்தச் சிக்கனம் சரி. சானிடைசருக்கு ஆகவே ஆகாது. ஏன் தெரியுமா?

நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் சாதுதான், சில வகைகள் மட்டும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். அதன் உடம்பைக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. அந்தச் சவ்வில் புரதங்கள் பதிந்திருக்கும். வாசல் காவல் அவற்றின் வேலை. பால் சர்க்கரையை உள்ளே இழுக்கும் புரதம், நாம் போடும் ஓட்டுத் தையல் மாதிரி, சவ்வை 12 முறை ஊடுருவிப் போய் வருகிறது.

கொழுப்பு வெறும் சுவர்தானே என்கிறீர்களா? அதுதான் இல்லை! அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் போக்தனோவ், டவ்ஹன் குழுவினர், சவ்வில் முக்கால் பங்குக்கு இருக்கும் ஒரு கொழுப்பு இல்லாமலே ஈ.கோலையை வளர்த்துப் பார்த்தார்கள். அந்தப் புரதத்தில் பாதி தலைகீழாகப் புரண்டு கிடந்தது. சர்க்கரையைச் சேர்த்துக் குவிக்க முடியவில்லை. அந்தக் கொழுப்பு மறுபடி உண்டானதும் புரதம் திரும்பிக்கொண்டது என்று 2002-ல் எழுதினார்கள்.

ஆக, கொழுப்பு சரியாக இருந்தால்தான் புரதம் சரியாக நிற்கும். ஆல்கஹால் இந்த இரண்டையுமே தாக்குகிறது. ஆனால் கிருமி லேசுப்பட்டதா என்ன? கொஞ்சமாக ஆல்கஹால் கலந்த இடத்தில் வளரும் ஈ.கோலை, தன் சவ்வின் கொழுப்பையே மாற்றி அமைத்துச் சமாளித்துக்கொள்கிறது. இதை 1976-லேயே இங்ரம் என்ற விஞ்ஞானி காட்டிவிட்டார்.

ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் கதை வேறு. சவ்வு குலைந்து, வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போலப் புரதம் உறைந்துவிடும். 70 சதவீத பாட்டிலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மிஞ்சுவது 35 சதவீதம்தான். குழந்தைக்குச் சோறு ஊட்டும் கைக்கு அது போதுமா, சொல்லுங்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் சோப்பே இருக்கிறதே! 20 வினாடி நுரைக்கத் தேய்த்தால் எண்ணெய்ப் பசையோடு கிருமியும் கழன்று தண்ணீரோடு போய்விடும். அழுக்கும் பிசுக்கும் உள்ள கைக்குச் சானிடைசரைவிடச் சோப்பே மேல். வாங்கிய சானிடைசரை அப்படியே வைத்திருங்கள். அடுப்புப் பக்கமும் குழந்தை கைக்கு எட்டுகிற இடமும் மட்டும் வேண்டாம்.