ஓடினால் போதுமா?

இடுபணி ஒப்படைக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். நிரலை ஓட்டுகிறீர்கள். கேட்ட விடை திரையில் வருகிறது. ஆசிரியர் தலையசைக்கிறார். கோப்பை மூடிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறீர்கள். ‘ஓடுகிறது, ஆகவே முடிந்தது’ என்பதுதான் நம்மில் பலருடைய கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்கிறேன். ஒரு நிரலை எழுதுவது ஒருமுறை. அதைப் படிப்பதும் திருத்துவதும் பலமுறை. நாளை ஒருவர் அதில் கை வைக்க முடியுமா என்று பார்க்காத வரை வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

ஏன் என்று ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். பாயா ரும்புட், செங், புக்கிட் ரம்பாய் பக்கம் வசிக்கும் உங்களில் பலருடைய தாத்தா பாட்டி தோட்டத்தில் வேலை செய்தவர்களாக இருப்பார்கள். மாதக் கடைசியில் கைக்கு வரும் சம்பளச் சீட்டில் ஒரு வெள்ளி குறைந்தாலும் அது வீட்டில் எவ்வளவு பெரிய பேச்சாகும் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இப்போது ஒரு தோட்டத்துக்குச் சம்பளக் கணக்கு நிரலை நீங்கள் ஜாவாவில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பால்மரம் வெட்டுபவருக்கு எடைக்கேற்ற கூலி. செம்பனைக் குலை அறுப்பவருக்கு டன் கணக்கு. களைக்கு மருந்தடிப்பவருக்கு நாள் கணக்கு.

‘தொழிலாளி’ என்று ஒரே ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள். அதற்குள் “பால்வெட்டா? இப்படிக் கணக்கிடு. செம்பனையா? அப்படிக் கணக்கிடு” என்று வரிசையாக நிபந்தனைகள். இதே நிபந்தனை வரிசை சம்பளத்துக்கு ஒருமுறை, மிகைநேரத்துக்கு ஒருமுறை, ஊழியர் சேமநிதிக் கழிவுக்கு ஒருமுறை, சீட்டு அச்சடிக்க ஒருமுறை என நான்கு இடங்களில் இருக்கிறது. நிரல் பிழையில்லாமல் ஓடுகிறது. ஆசிரியர் முழு மதிப்பெண் தருகிறார்.

அடுத்த ஆண்டு தோட்டத்துக்கு லோரி ஓட்டுநர் ஒருவர் வேலைக்கு வருகிறார். உங்களுக்குப் பின் வந்த மாணவர் ‘லோரி’ என்ற வகையைச் சேர்க்கிறார். மூன்று இடங்களில் சேர்த்துவிட்டு, சேமநிதிப் பகுதியை மட்டும் மறந்துவிடுகிறார். கணினி எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. சம்பளச் சீட்டும் அழகாக அச்சாகும். அந்த ஓட்டுநரின் சேமநிதிக் கழிவு மட்டும் மாதா மாதம் சுழியமாக நிற்கும். மறந்தவர் இரண்டாவது மாணவர்தான். ஆனால் மறப்பதற்கு நான்கு இடங்களை வைத்தது முதல் நிரல்.

இதைச் சீர்செய்யும் வழி எளியது. ஒவ்வொரு வகைத் தொழிலாளிக்கும் தனி கிளாஸ் கொடுங்கள். தன் சம்பளத்தையும் தன் கழிவையும் எப்படிக் கணக்கிடுவது என்பதை அந்தந்த கிளாஸே வைத்துக்கொள்ளட்டும். பொதுவான ‘தொழிலாளி’ கிளாஸ், இந்தக் கணக்குகள் எல்லாம் கட்டாயம் என்று மட்டும் சொல்லட்டும். இனி லோரி ஓட்டுநரைச் சேர்ப்பவர் சேமநிதிக் கணக்கை எழுத மறந்தால் நிரல் தொகுக்கப்படவே மாட்டாது. மனிதனின் மறதியைக் கணினி பிடித்துக்கொள்கிறது. பொருள்நோக்கு நிரலாக்கத்தின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

முதல் நிரலில் இருந்த குறைக்கு மென்பொருள் துறையில் ஒரு பெயர் உண்டு: நிரலில் வீசும் ‘வாடை’. அமெரிக்க நிரலாளர் கென்ட் பெக் வைத்த பெயர் அது. மார்ட்டின் ஃபவுலர் 1999-இல் வெளியிட்ட ‘ரீஃபேக்டரிங்’ என்ற நூல் அதை உலகெங்கும் பரப்பியது. வாடை என்பது பிழை அல்ல. சமையலறையில் மீன் வாடை வந்தால் மீன் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டமாட்டோம். மூடியைத் திறந்து பார்ப்போம். அதுபோலத்தான் இதுவும். வெளியே தெரியும் பலனை மாற்றாமல், உள்ளே இருக்கும் அமைப்பை மட்டும் சீராக்குவதற்குப் பெயர் ரீஃபேக்டரிங், அதாவது மறுசீரமைப்பு.

இந்த வாடைகளை வகைப்படுத்தியதில் நம் பக்கத்து உழைப்பும் இருக்கிறது. பெங்களூரில் பணியாற்றிய கிரிஷ் சூர்யநாராயணா, கணேஷ் சமர்த்யம், துஷார் சர்மா ஆகிய மூவர் 2014-இல் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்கள். வடிவமைப்பில் வரும் 25 வாடைகளை நான்கு தலைப்புகளில் அடுக்கினார்கள்: தேவையானதை மட்டும் எடுத்துக்காட்டுதல், உள்விவரத்தை உறைக்குள் வைத்தல், பகுதி பகுதியாகப் பிரித்தல், பரம்பரை வரிசை அமைத்தல். ஒரு மருத்துவர் அறிகுறியைப் பார்த்து நோயின் மூலத்தைத் தேடுவதுபோல, ஒவ்வொரு வாடையும் எந்த அடிப்படையை மீறியதால் வந்தது என்று கேட்கச் சொல்கிறது அந்த வகைப்பாடு.

‘இதெல்லாம் மாணவர்கள் செய்யும் தவறு; பெரிய நிறுவனங்களில் நடக்காது’ என்று நினைக்காதீர்கள். நீங்கள் படிக்கும் ஜாவா மொழியின் உள்ளேயே ஒன்று இருக்கிறது. அதில் ‘ஸ்டாக்’ என்ற கிளாஸ் உண்டு. கல்யாண மண்டபத்தில் தட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்களே, அதுபோல. கடைசியாக வைத்த தட்டைத்தான் முதலில் எடுக்க முடியும். ‘வெக்டர்’ என்பது வேறு. அந்த வரிசையில் எந்த இடத்திலும் ஒன்றைச் செருகலாம், எந்த இடத்திலிருந்தும் எடுக்கலாம். ஜாவாவை உருவாக்கியவர்கள், ஏற்கெனவே எழுதியதைப் பயன்படுத்திக்கொள்ள, ஸ்டாக்கை வெக்டரின் பிள்ளையாக அமைத்துவிட்டார்கள். பிள்ளைக்கு அப்பாவின் எல்லாத் திறமையும் வந்துவிடும் அல்லவா? ஆகவே ஜாவாவின் தட்டு அடுக்கில் நடுவிலும் ஒரு தட்டைச் செருகலாம். அடுக்கு என்ற விதியே அங்கே உடைந்துபோகிறது.

பரம்பரை அமைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘இது, அதில் ஒரு வகையா?’ பால்மரம், மரத்தில் ஒரு வகை. ஆனால் மரத்தில் கட்டிய கிண்ணம் மரத்தில் ஒரு வகை ஆகாது. மரத்துக்குப் பயன்படும் பொருள், அவ்வளவுதான். ஸ்டாக்கும் வெக்டரில் ஒரு வகை அல்ல. அது உள்ளே ஒரு வெக்டரை வைத்துக்கொண்டிருந்தால் போதும்.

குறை தெரிந்த பிறகும் ஏன் திருத்தவில்லை? அதற்குள் உலகெங்கும் எண்ணற்ற நிரல்கள் அந்த ஸ்டாக்கை நம்பி எழுதப்பட்டுவிட்டன. திருத்தினால் அவை உடையும். ஆகவே 2006-இல் வந்த ஜாவா 6-இல் ‘டெக்’ என்ற புதிய வசதியைப் பக்கத்தில் வைத்து, இதைப் பயன்படுத்துவதே நல்லது என்று ஆவணத்தில் எழுதிவைத்தார்கள். பழைய ஸ்டாக் இன்றும் அப்படியே இருக்கிறது. நாலு பேர் உங்கள் நிரல்மேல் சாயத் தொடங்கும் முன்பே அதைத் திருத்திவிட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

திருத்தாமல் விட்டதற்கு ஒரு நிறுவனம் கொடுத்த விலையையும் பாருங்கள். நைட் கேபிட்டல் என்பது அமெரிக்காவின் பெரிய பங்கு வணிக நிறுவனம். அதன் மென்பொருளில் ‘பவர் பெக்’ என்ற பகுதியை 2003-லேயே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அழிக்கவில்லை. 2012-இல் புதிய வசதி ஒன்றைச் சேர்த்தபோது, பவர் பெக்கை இயக்கிய அதே பழைய அடையாளக் குறியைப் புதியதற்கும் பயன்படுத்தினார்கள். 8 சேவைக் கணினிகளில் ஒன்றில் புதிய நிரலை ஏற்ற மறந்துவிட்டார்கள். ஆகஸ்டு 1-ஆம் தேதி சந்தை திறந்ததும், அந்த ஒரு கணினியில் ஒன்பது ஆண்டுகள் உறங்கிய பழைய நிரல் விழித்துக்கொண்டது. வாங்கியது போதும் என்று அதற்குத் தெரியவில்லை; கட்டளைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் நட்டம். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் இன்னொன்றுடன் இணைய வேண்டியதாயிற்று. செத்த நிரல் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு சும்மா கிடக்கும் என்று எண்ணுவது தவறு.

இங்கே நீங்கள் ஒரு மறுப்பு எழுப்பலாம்: ‘நன்றாக ஓடும் நிரலைத் தொட்டால்தானே ஆபத்து?’ நியாயமான கேள்வி. இதே கதையிலேயே அதற்கும் பதில் இருக்கிறது. ‘வாங்கியது போதும்’ என்று கணக்கு வைக்கும் பகுதியை 2005-இல் ஒருவர் வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்தார். நகர்த்திய பிறகு பவர் பெக்கைச் சோதித்துப் பார்க்கவில்லை. அதனால்தான் அது நிற்கத் தெரியாமல் ஓடியது. அழிக்காமல் விட்டது ஒரு தவறு. சோதிக்காமல் மாற்றியது இன்னொரு தவறு.

ஆகவே திருத்துவதற்கு ஒழுங்கு ஒன்று வேண்டும். முதலில் சோதனை. ஐந்து தொழிலாளர்களின் சம்பளத்தைக் காகிதத்தில் கையால் கணக்கிட்டு வையுங்கள். பிறகு நிரலில் ஒரே ஒரு சிறு மாற்றம் செய்யுங்கள். உடனே ஓட்டிப் பாருங்கள். ஐந்து விடையும் அப்படியே வந்தால் அடுத்த மாற்றம். ஒன்று மாறினாலும் பின்வாங்குங்கள். பால்மரம் வெட்டத் தெரிந்தவர் பட்டையை மெல்லிசாகச் சீவுவார். கத்தி உள்ளே ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு, புதுப் பட்டை ஒழுங்காக வளராது என்று அவருக்குத் தெரியும். நிரலிலும் அதே கைப்பக்குவம் வேண்டும்.

வாடையைக் கண்டுபிடிக்கக் கருவிகளும் உண்டு. ஷியாம் சிதம்பர், கிறிஸ் கெமரர் என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் ஆறு அளவைகளை வெளியிட்டார்கள். ஒரு கிளாஸ் வேறு எத்தனை கிளாஸ்களைச் சார்ந்திருக்கிறது, பரம்பரை எத்தனை தலைமுறை ஆழம், உள்ளே இருக்கும் செயல்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவையா என்றெல்லாம் எண்ணிச் சொல்பவை அவை. இன்று ஜாவாவுக்கு ‘பி.எம்.டி.’, பைத்தானுக்கு ‘பைலின்ட்’ போன்ற இலவசக் கருவிகள் நொடியில் பட்டியல் தருகின்றன. ஆனால் காய்ச்சல் எவ்வளவு என்று மட்டுமே வெப்பமானி சொல்லும். ஏன் வந்தது என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். பட்டியலில் வரும் எல்லாவற்றையும் திருத்த வேண்டியதும் இல்லை. அடிக்கடி மாறும் பகுதியில் வீசும் வாடையை முதலில் கவனியுங்கள்.

‘இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே’ என்பீர்கள். தரட்டும். விரைவாக எழுத முடிகிறது என்றால், படித்துச் சரிபார்க்க வேண்டிய நிரலும் விரைவாகப் பெருகுகிறது என்றுதான் பொருள். யார் எழுதினாலும், ஒப்படைப்பவர் பெயர் உங்களுடையது. லோரி ஓட்டுநரின் சேமநிதிக்குக் கருவி பதில் சொல்லாது.

நான்காம் படிவக் கணினி அறிவியலில் நல்ல நிரலாக்கப் பழக்கங்கள் பற்றிப் படிக்கிறீர்கள்: வரிகளை உள்தள்ளி எழுதுவது, பொருள் தரும் பெயர் வைப்பது, குறிப்புரை சேர்ப்பது. நல்ல தொடக்கம். இதோடு இன்னும் ஒரு படி வேண்டும் என்று ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். இடுபணி முடிந்ததும் மாணவர்கள் தங்கள் நிரலை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளட்டும். “இந்த ஒரு வசதியைச் சேர்” என்று ஒரு வேலை கொடுங்கள். நண்பனால் எளிதாகச் சேர்க்க முடிந்தால், எழுதியவருக்கு மதிப்பெண். தேவையற்ற வரிகளை அழித்து, விடை மாறாமல் காட்டியவருக்கும் மதிப்பெண். இதற்குப் புதிய கணினியோ செலவோ தேவையில்லை. ஒரு பாடவேளை போதும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். போன ஆண்டு எழுதிய நிரல் ஒன்றை இந்த வாரம் திறந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரே வரிகள் இரண்டு இடங்களில் இருக்கின்றனவா? எல்லா வேலையையும் ஒரே கிளாஸ் செய்கிறதா? யாரும் பயன்படுத்தாத பகுதி கிடக்கிறதா? ஏதாவது ஒன்றுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால், முதலில் சோதனை விடைகளைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த ஒன்றை மட்டும் திருத்துங்கள். பாயா ரும்புட் என்ற பெயருக்குப் புல் சதுப்பு என்று பொருள். புல் ஒருமுறை பிடுங்கினால் நின்றுவிடாது. தோட்டத்தில் சுற்றுச் சுற்றாகத்தான் களையெடுப்பார்கள். அடுத்த சுற்றுக்கு அடுத்த வாரம் இருக்கிறது.