தண்ணீர் முதலில், மீன் பிறகு!

"அத்தை, மீனெல்லாம் செத்துப் போச்சு!"

பக்கத்து வீட்டுக் குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவள் அப்பா தஞ்சாவூரிலிருந்து ஓர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் நாலு தங்க மீனும் வாங்கி வந்திருந்தார். "பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும்" என்று கடைக்காரர் கொடுத்த கறுப்பு மீன் ஒன்றும் கூடவே வந்தது. ஐந்தாம் நாள் தங்க மீன் நாலும் மிதந்துவிட்டன. "எங்கள் கைராசி அப்படி!" என்று அலுத்துக்கொண்டாள் குழந்தையின் தாய்.

கைராசி அல்ல, சகோதரிகளே, அவசரம்!

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா என்ற விஷம் உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் உண்டு. புதுத் தொட்டியில் அவை குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். தோசை மாவு பொங்க ஓர் இரவு பொறுக்கிறோம். தண்ணீர் பக்குவப்பட ஒரு மாதம் பொறுக்கக் கூடாதா?

இது பணக்காரர் வீட்டு வேலை என்று எண்ண வேண்டாம். 1832-ல் கடல் உயிர்களை ஆராயக் கண்ணாடித் தொட்டி அமைத்த ழான் பவர், பாரிஸில் தையல் வேலை செய்து வாழ்க்கையைத் தொடங்கிய பெண்தான்.

உருண்டைக் கிண்ணம் வேண்டாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி போதும். சுமார் ஐம்பது லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே ஐம்பது கிலோ கனம் என்பதால் ஆடாத மேடையில், நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். கலங்கல் போகும்வரை கழுவிய மணல் இரண்டு அங்குலம் போடுங்கள். குழாய்த் தண்ணீரானால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து, பிறகு ஊற்றுங்கள். வாய்க்கால் அடியில் நாடாப் போல் நீளும் பாசியை அலசி நடலாம்; காசில்லை.

செலவு, பஞ்சு வடிகட்டிக்கும் சிறு காற்றுப் பம்புக்கும்தான். ஐந்து வாட் பம்பு இரவும் பகலும் ஓடினாலும் மாதம் நாலு யூனிட்டுக்குள் அடங்கும்.

இனி, மீனில்லாமலே தினம் ஒரு சிட்டிகை இரை போட்டு வாருங்கள். அதிலிருந்து உண்டாகும் அமோனியாதான் நுண்ணுயிர்களுக்கு உணவு. தெரிந்தவர் வீட்டில் பழைய தொட்டி இருந்தால், உறைமோர் கேட்பது போல அதன் பஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். வேலை சீக்கிரம் முடியும்.

எந்த மீன்? மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது எட்டிப் பாருங்கள். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, மேல்மட்டத்திலேயே நீந்தும் சிறு மீன்கள் தெரியும். கொசுப்புழுவை விரும்பித் தின்னும். ஆறு போதும். துள்ளி வெளியே விழும். கொசுவலைத் துண்டால் மூடி வையுங்கள்.

தினம் ஒரு தடவை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீரும் அளவே இரை. வாரம் ஒரு நாள் உபவாசம் இருந்தால் மீனுக்கு நல்லதே! வாரந்தோறும் கால் பங்குத் தண்ணீரை மாற்றி, பழைய தண்ணீரை மல்லிகைக்கு ஊற்றுங்கள். பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். சோப்புப் போட்டுத் தேய்த்தால் ஒரு மாதக் காத்திருப்பும் வீண்.

மிஞ்சிய கறுப்பு மீன்?

"காவேரியிலே விட்டுடு, புண்ணியமாப் போகும்" என்றார் குழந்தையின் பாட்டி. நான் பதறிப் போய்த் தடுத்தேன். அது தென் அமெரிக்காவைச் சேர்ந்த சக்கர் மீன். ஓரடிக்கு மேல் வளரும். தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் இப்படி வந்து பெருகி, நம் ஊர் மீன்களின் இரைக்குப் போட்டியாகிவிட்டது. முட்டையிடக் கரையைக் குடையும். கரையை நம்பி வாழும் நமக்கு அது புண்ணியமா? கடை மீன் எதையும் ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ஆறு வாரம் ஓடிவிட்டது. இப்போது அந்தக் குழந்தை காலையில் எழுந்ததும் பொட்டுகளை எண்ணுகிறாள். "ஆறும் இருக்கு, அத்தை!" என்று கூவுகிறாள்.