‘நின்னுட்டார்’

தீபாவளி விடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமை நம் மனிதவளத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தனிக் கிழமை. போனஸ் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊருக்குப் போனவர்கள் திரும்ப வேண்டிய நாள். பத்து மணிக்கு வருகைப் பதிவைப் பார்க்கும்போது எத்தனை கட்டம் காலியாக இருக்கிறது என்று மனம் தானாக எண்ண ஆரம்பித்துவிடும். மதியத்துக்குள் போன் போட்டுப் பார்ப்போம். ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று வரும். புதன்கிழமை மென்பொருளைத் திறந்து ‘வெளியேறிய காரணம்’ என்ற பட்டியலைக் கீழே இறக்கி ஒரு சொல்லைத் தேர்வு செய்வோம். ‘அப்ஸ்காண்டிங்.’

அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்த இதழில் பேச வேண்டியிருக்கிறது.

வேலையை விட்டவரை நம் ஊர்ப் பேச்சில் ‘நின்னுட்டார்’ என்போம். கோவைப் பக்கம் எந்த மில் கேட்டில் விசாரித்தாலும் காவலாளி, “அவரு நின்னு ஒரு மாசம் ஆச்சுங்களே” என்றுதான் சொல்வார். முன்கூட்டிச் சொல்லிவிட்டு நின்றாலும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றாலும் சொல் ஒன்றுதான். நம் கோப்பில் ஏறும்போதுதான் நின்றவர் ஓடியவர் ஆகிறார். ‘அப்ஸ்காண்டிங்’ என்பது காவல் நிலையத்துச் சொல். தமிழில் அதற்கு நேர் தலைமறைவு. கையாடல் செய்தவனுக்கும், நோட்டீஸ் கொடுக்காமல் வேறு வேலைக்குப் போன இருபத்து நான்கு வயதுப் பையனுக்கும் ஒரே முத்திரை. அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் அது அப்படியே போய் விழுகிறது.

1990-களின் தொடக்கத்தில் ஒரு நூற்பாலையில் நான் தொழிலாளர் அலுவலராக இருந்தேன். ரிங் ஃப்ரேம் பிரிவில் ஒரு ஃபிட்டர் ஒரு நாள் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு மூன்று கடிதம் அனுப்பினேன். மூன்றாவது, ‘வீடு பூட்டியுள்ளது’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. கோப்பு கனமாகிக்கொண்டே போனதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். நான்காவது கடிதம் எழுத உட்கார்ந்தபோது ஷிஃப்ட் மேஸ்திரி உள்ளே வந்தார். “அவன் சாமானெல்லாம் வெச்சுட்டுத்தான் சார் போயிருக்கான்” என்றார். போய்ப் பார்த்தேன். ஸ்பானர் செட், எண்ணெய்க் கேன், லாக்கர் சாவி எல்லாவற்றையும் துடைத்து ஒரு துணியில் சுற்றி ஆணியில் மாட்டியிருந்தார். உள்ளே பீடிக் கட்டு உறையைப் பிரித்து அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று. 7-ஆம் ஃப்ரேமில் கியர் பக்கம் சத்தம் வருகிறது, 11-இல் டேப் மாற்ற வேண்டும், 14-க்கு வெள்ளிக்கிழமைதான் எண்ணெய் போட்டது. மேஸ்திரி அந்தச் சீட்டைப் பார்த்து வேலையை முடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

அதே ஆண்டு கணக்குப் பிரிவில் ஒருவர் முறைப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார். முப்பது நாளும் வந்தார், ஒன்பதுக்கு வந்து ஐந்தரைக்குப் போனார். வழியனுப்பு விழாவில் கைக்கடிகாரம் கொடுத்தோம். அவர் போன பிறகு இரண்டு பருத்தி வியாபாரிகளின் பாக்கிக் கணக்கு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பதிவேட்டில் இவர் ‘கண்ணியமாக விலகியவர்’, அந்த ஃபிட்டர் ஓடுகாலி.

நோட்டீஸ் காலம் எதற்காக வந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம். 1946-ஆம் ஆண்டின் தொழில் நிலையாணைச் சட்டத்தோடு வந்த மாதிரி நிலையாணைகள் நிரந்தரத் தொழிலாளி விஷயத்தில் எளிமையாகச் சொல்லின: மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மாதம், மற்றவர்களுக்கு இரண்டு வாரம், அல்லது அதற்கு ஈடான சம்பளம். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே அளவுகோல். மறுவருடம் வந்த நம் மாநிலத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி போனது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று முதலாளியின் கையைத்தான் கட்டியது. ஆக, நோட்டீஸ் என்பது பெரும்பாலும் தொழிலாளிக்குக் குடையாக வந்தது. அதை அவர் காலில் மாட்டும் பூட்டாக மாற்றியது சட்டம் அல்ல, நாம் தயாரித்துத் தரும் பணி நியமனக் கடிதம். ஒரு மாதம் இரண்டாகி, தகவல் தொழில்நுட்பத் துறையில் 90 நாள் சர்வசாதாரணமாகிவிட்டது.

இதில் நம் பங்கு கூச்சப்பட வைப்பது. சென்னையிலோ கோவையிலோ ஏதாவது ஒரு வேலை விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள்: ‘இமீடியட் ஜாயினர்களுக்கு முன்னுரிமை.’ அடுத்த நிறுவனத்தில் 90 நாள் நோட்டீஸ் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் அதை எழுதுகிறோம். வந்து சேர்ந்தவருக்கு நாம் கொடுக்கும் கடிதத்திலும் அதே 90 நாள். இரண்டிலும் ஒரே அலுவலரின் கையெழுத்து. ‘பதினைந்து நாளில் வந்துவிடுவீர்களா?’ என்று காலையில் ஒருவரிடம் கேட்டுவிட்டு, பதினைந்து நாளில் போனவரை மாலையில் தலைமறைவுப் பட்டியலில் சேர்க்கிறோம்.

நோட்டீசை நீட்டினால் ஆள் நிற்பார் என்ற நம்பிக்கைக்கு விமானத் துறை நல்ல பதில். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் 2017-ஆம் ஆண்டு விதிப்படி கேப்டனுக்கு ஓராண்டு, துணை விமானிக்கு ஆறு மாதம் நோட்டீஸ். இதைவிட நீளமாக யாருக்கு வைக்க முடியும்? 2023-இல் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 43 விமானிகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் போனார்கள். நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின, நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. விமானிகள் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. டிக்கெட் வாங்கிவிட்டு விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன பதில்? ஆனால் ஓராண்டு காத்திருக்கும் ஆளுக்கு வேலையைத் தேக்கி வைத்திருக்கும் நிறுவனம் எது? பூட்டு பெரிதாக ஆக, சுவர் ஏறிக் குதிப்பவர்தான் கூடுவார்.

சட்டம் என்ன தருகிறது, என்ன தரவில்லை என்பதில் நம்மிடையே குழப்பம் அதிகம். ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் படித்தால் போதும். கிடைப்பது பணம் மட்டுமே. அதுவும் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அப்படியே அல்ல. ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டதும், நம்மவர்கள் பலர் அதை வெட்டி ஒட்டித் தங்கள் கடிதங்களில் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அது பொதுத்துறை வங்கி. திறந்த விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்க வேண்டிய கட்டாயம் அதற்கு உண்டு. விலகியவர் மேலாளர் நிலையில் நல்ல சம்பளம் வாங்கியவர். பதினைந்தாயிரம் ரூபாய் சம்பளத்துக்கு வரும் செவிலியரிடம் அதே இரண்டு லட்சத்தை எழுதி வாங்குபவர் தீர்ப்பைப் படிக்கவில்லை, செய்தித்தாளின் தலைப்பைப் படித்திருக்கிறார்.

நோட்டீஸ் ஈட்டுத்தொகை என்றால் என்ன என்பதில் வரித்துறைக்கே ஒரு காலத்தில் குழப்பம் இருந்தது என்பது வேடிக்கை. ஊழியர் சீக்கிரம் போவதை நிறுவனம் ‘பொறுத்துக்கொள்வது’ ஒரு சேவை, அதற்கு வரி கட்டு என்றார்கள். 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம், முதலாளி எந்தச் சேவையும் செய்யவில்லை, திடீரென்று போவதற்கு ஒரு விலை வைத்து வழி விட்டிருக்கிறார், அவ்வளவுதான் என்று அந்த வாதத்தை ஒதுக்கியது. 2022 ஆகஸ்டில் ஜிஎஸ்டி சுற்றறிக்கையும் வரி இல்லை என்று தெளிவாக்கியது. விலை கொடுத்துவிட்டு வாசல் வழியாகப் போனவரை எந்தக் கணக்கில் தலைமறைவு என்பது?

வராமல் நின்றவர் பெயரைத் தானாக அடித்துவிடும் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. சென்னை பி அண்ட் சி ஆலையின் நிலையாணையில், விடுப்பு இல்லாமல் தொடர்ந்து எட்டு வேலைநாள் வராதவர் வேலையை விட்டதாகக் கருதப்படுவார் என்று இருந்தது. 1963-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. முப்பது ஆண்டு அதைப் பிடித்துக்கொண்டே ஓட்டினோம். 1993-இல் டி.கே.யாதவ் வழக்கு வந்தது. அந்தத் தொழிலாளி தினமும் வேலைக்கு வந்ததாகவும் கேட்டிலேயே தடுத்து நிறுத்தியதாகவும் சொன்னார். நிர்வாகமோ எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்று பெயரை நீக்கியிருந்தது. விசாரணை வைக்காமல் இப்படிச் செய்வது இயற்கை நீதிக்கு விரோதம் என்று நீதிமன்றம் சொல்லி, பாதிச் சம்பளப் பாக்கியோடு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. அப்புறமும் எத்தனை அலுவலகங்களில் விசாரணை அறிக்கை என்ற தாள் கோப்பில் இருக்கிறது?

சம்பளப் பிடித்தத்தில் இன்னும் கவனம் வேண்டும். 1936-ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டத்தில் இருந்து இன்றைய சம்பளச் சட்டத் தொகுப்புக்கும் வந்துள்ள ஒரு விதி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு, தக்க காரணமும் நோட்டீசும் இல்லாமல் வராமல் போனால், நோட்டீசுக்கு ஈடாகப் பிடிக்கக்கூடிய தொகையை எட்டு நாள் சம்பளத்தோடு நிறுத்துகிறது. கூட்டமாகப் போனவர்களுக்கே எட்டு நாள். தனியாளிடம் கடைசி மாதச் சம்பளம் முழுவதையும் நிறுத்தி வைத்துவிட்டு, ‘நோட்டீஸ் ரிகவரி போக மைனஸ் 41,000’ என்று மின்னஞ்சல் அனுப்புகிறோம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்தச் சம்பளக் காலத்தின் ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள சம்பளச் சட்டத் தொகுப்பின் 17-ஆம் பிரிவுப்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலைநாளுக்குள் ஊதியம் தர வேண்டும். 45 நாளில் கணக்கு முடிப்போம் என்று இன்னும் கடிதங்களில் அச்சடித்துக் கொண்டிருப்பவர்கள் இதழை மூடிவிட்டு முதலில் அந்த வரியைத் திருத்துங்கள். பணிக்கொடையும் அப்படியே. அதைப் பறிக்கச் சட்டம் சொல்லும் காரணங்களில் நோட்டீஸ் கொடுக்காதது இல்லை.

அசல் சான்றிதழ்களை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டும் வழக்கம் பற்றி ஒரு வரி போதும். சான்றிதழ் சந்தைச் சரக்கு அல்ல, அதன் மேல் யாருக்கும் பிடிமான உரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மறுபக்கம் இல்லாமல் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு ஷிஃப்டுக்குப் பெயர் போட்டிருக்கும் செவிலியர் சொல்லாமல் நின்றால், அன்றைக்கு நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகாது. பகல் ஷிஃப்ட் முடித்துக் கிளம்பிய இன்னொரு செவிலியர் மறுபடியும் உள்ளே போவார். அவர் வீட்டில் குழந்தை காத்திருக்கும். சொல்லாமல் போவதன் சுமை எப்போதும் பக்கத்து இருக்கையில்தான் இறங்குகிறது, முதலாளியின் மேஜைக்கு அது கடைசியாகத்தான் வரும். வேலையை விடுபவர்களிடம் நாம் பேச வேண்டியது இதைத்தான். இதை விட்டுவிட்டு ‘உங்கள் எதிர்காலத்தைப் பாதிக்கும்’ என்று மிரட்டல் கடிதம் எழுதுகிறோம். மிரட்டலைப் படித்தவர் போனை அணைக்கிறார். சாவி எங்கே, கடவுச்சொல் என்ன என்று கேட்கக்கூட அதன்பிறகு வழியில்லை.

அந்த ஃபிட்டர் நான்கு மாதம் கழித்து வந்தார். வருங்கால வைப்புநிதியை எடுக்கப் படிவம் 19-இல் நிர்வாகத்தின் கையெழுத்து வேண்டியிருந்தது. எங்கள் மேலாளர் அவரைப் பெஞ்சில் உட்கார வைக்கச் சொன்னார். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தவர் நாலு மணி வரை உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருமுறை நான் அந்தப் பக்கம் போனபோது எழுந்து நின்றார். “கணக்கு முடிச்சுக் குடுத்தீங்கன்னா போயிருவேனுங்க” என்று சொல்லிவிட்டு, “பதினொண்ணுல டேப்பு மாத்தியாச்சுங்களா?” என்று கேட்டார். ஏன் சொல்லாமல் போனார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்று அந்தப் பெஞ்சுக்கு வேலை இல்லை. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனால், வெளியேறிய தேதியை உறுப்பினரே இணையத்தில் பதிந்துகொள்ள 2020 ஜனவரி முதல் வைப்புநிதி நிறுவனம் வழி செய்துவிட்டது. நம் கையில் எஞ்சியிருப்பது விடுவிப்புக் கடிதம் ஒன்றுதான். அதனால்தான் அதை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் போலும்.

இதழின் சார்பில் மூன்று வேண்டுகோள். வெளியேறிய காரணப் பட்டியலில் இருந்து ‘அப்ஸ்காண்டிங்’ என்பதை எடுத்துவிட்டு, ‘முன்னறிவிப்பின்றி விலகினார்’ என்று போடச் சொல்லுங்கள். மென்பொருள்காரர் பத்து நிமிடத்தில் செய்துவிடுவார். புதியவர் வந்து சேர நீங்கள் தரும் அவகாச நாளையும் உங்கள் கடிதத்தின் நோட்டீஸ் நாளையும் ஒரே தாளில் எழுதி நிர்வாகத்திடம் காட்டுங்கள். போகிறவரிடம் நாளைக் கேட்கும் முன் சீட்டைக் கேளுங்கள்: எது பாதியில் இருக்கிறது, எது யாரிடம் இருக்கிறது. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் ஒப்படைப்புப் படிவத்தின் மாதிரியை அடுத்த இதழில் வெளியிட இருக்கிறோம். உங்கள் இடத்தில் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள படிவம் இருந்தால் நிறுவனத்தின் பெயரை மறைத்து அனுப்பி வையுங்கள். கையால் எழுதியதானாலும் சரி.