கத்தியின் மேல் போடும் பழி

"கட்டியில் கத்தி பட்டால் கேன்சர் உடம்பெல்லாம் பரவிவிடும்." திருப்பூரில் செக்கிங் மேசையில், சாயப்பட்டறை வாசலில், அனுப்பர்பாளையம் டீக்கடையில் இந்தப் பேச்சு ஓய்வதில்லை. மலத்தில் ரத்தம் போனால் உடல்சூடு, மூலம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். கடைசியில் மருத்துவர் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றதும், உறவுகள் கூடி நோயாளியை வீட்டுக்கே கூட்டி வந்துவிடுகின்றன. அக்கறையில் செய்வதுதான். ஆனால் பொய்யை நம்பிய அக்கறை உயிரைக் குடிக்கும்.

பெருங்குடல் புற்று பெரும்பாலும் குடலின் உட்சுவரில் 'பாலிப்' என்னும் சிறு சதையாகத் தொடங்குகிறது. புற்றாக மாறப் பத்து ஆண்டுகள்கூட ஆகும். கொலனோஸ்கோப்பியில் கம்பிச் சுருக்கு மாட்டி அதை அறுத்தெடுத்துவிடலாம். அப்படி எடுத்துக்கொண்டவர்களை அமெரிக்காவின் தேசிய பாலிப் ஆய்வு பின்தொடர்ந்தது. எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 விழுக்காடு குறைவாகவே அவர்களுக்குப் புற்று வந்தது என்று 1993இல் அறிவித்தது. அந்நோயால் நேரும் இறப்பும் 53 விழுக்காடு குறைந்திருப்பது 2012இல் தெரிந்தது. அறுத்தால் பரவும் என்றால், இவர்களல்லவா முதலில் செத்திருக்க வேண்டும்?

"ஆபரேஷனுக்குப் பிறகுதான் கட்டி வேகமெடுத்தது" என்பார்கள். வேகமே எமன் என்ற எண்ணமும் இந்த நோயில் எடுபடாது. மார்பகப் புற்றில் செல் பிரிவுச் சுழற்சியை ஓட்டும் மரபணுக்கள் மும்முரமாக இருந்தால் பொதுவாக ஆபத்து கூடுதல். இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுக்கான 12 மரபணுச் சோதனையோ நேர்மாறாகக் கணக்கிடுகிறது: கேஐ-67, மிக் போன்ற சுழற்சி மரபணுக்கள் ஓங்கியிருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு, கட்டியைச் சூழ்ந்த இணைப்புத் திசுவின் மரபணுக்கள் ஓங்கியிருந்தால் அதிகம். பிரிட்டனின் குவாசர் ஆய்வு நோயாளிகளிடம் இந்தச் சோதனை சரிபார்க்கப்பட்டு 2011இல் முடிவு வெளிவந்தது. சோதித்ததெல்லாம் அறுவையில் எடுத்த கட்டிகளைத்தான். கத்தி வைத்ததால்தான் அந்த விடையே கிடைத்தது.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை சாகவில்லை? நாம் முற்றவிட்டுப் போவதால். குடலோடு நிற்கும்போதே கண்டால், அமெரிக்கக் கணக்குப்படி பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள். ஈரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பின் ஏழில் ஒருவர்தான். தாமதம் செய்த கொலைக்குக் கத்தியைக் குற்றவாளி ஆக்குகிறோம்.

கூலி போய்விடுமே என்ற பயம் நியாயமானது. ஈ.எஸ்.ஐ.யில் தகுதியான சந்தாக்காலம் இருந்தால், புற்றுநோய்க்குக் கூலியில் 80 விழுக்காடு இரண்டு ஆண்டுவரை கிடைக்கும். அது இல்லாத பீஸ் ரேட் தொழிலாளிக்குக் கூலி கிடைக்காவிட்டாலும், சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இதை ஒவ்வொரு பனியன் கம்பெனியும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும். ரத்தம் கண்டவரை "கத்தி வேண்டாம்" என்று தடுக்கும் வாய், "நாளைக்கே போய்க் காட்டு" என்று சொல்லப் பழகட்டும்.